பதில்: பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை, மரபணுச் சோதனை செய்யலாமா?

திருமங்கலம் தம்பிக்கு, பெற்றோர் இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியபின் சர்க்கரை வந்தது, 29 வயதில் நான் மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

உங்கள் பெற்றோருக்கு வந்ததுபோல் நடுவயதில் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவு; அதை ஒரே மரபணு தீர்மானிப்பதில்லை. நூற்றுக்கணக்கான மாற்றங்கள் சிறுகச் சிறுக ஆபத்தைக் கூட்டுகின்றன. பரவலாகக் காணப்படுபவற்றில் வலுவானது, 2006இல் கண்டறியப்பட்ட டிசிஎஃப்7எல்2 மரபணுவின் மாற்றம். அதுவே, தாய் தந்தையிடமிருந்து வரும் ஒவ்வொரு பிரதிக்கும் ஆபத்தை ஏறத்தாழ 1.4 மடங்காகத்தான் கூட்டும். பெற்றோர் இருவருக்கும் இருப்பது அதைவிடப் பெரிய தகவல். அதுதான் செலவில்லாமல் உங்கள் கையில் இருக்கிறதே!

எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) பாருங்கள். 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் எல்லைக்கோடு, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. நடங்கள், இரவுப் பரோட்டாவைக் குறையுங்கள் (மதுரைப் பக்கம் இருந்துகொண்டு சொல்வது எளிது).

மெலிந்த உடல், 25 வயதுக்குள் நோய், தலைமுறைதோறும் அதே கதை என்றால் மட்டும் ஒரே மரபணுவின் கோளாறால் இளவயதிலேயே வரும் நீரிழிவு வகையான 'மோடி'யை (MODY) சந்தேகிக்கலாம். அங்கே சோதனை அவசியம், மருந்தே மாறக்கூடும்.