கிரேக்கப் படைப்புக் கதைகளில் பாம்புத் தெய்வங்கள்: கேள்வி பதில்

கேள்வி: பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட் பாடிய படைப்புக் கதையில் பாம்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. எங்கே இருக்கிறது?

பதில்: தொடக்கத்தில் இல்லை. வெறும்பாழாகிய கேயாஸ், பூமியாகிய கையா, பாதாளமாகிய டார்ட்டரஸ், காதலாகிய ஈரோஸ் என்றுதான் அவர் தொடங்குகிறார். நூறு பாம்புத் தலைகளுடன் டைஃபோன் எழுவது, தெய்வங்களின் அரசன் ஸியூஸ், முந்தைய தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்களை வென்ற பிறகே. பாம்பைத் தொடக்கத்துக்கே கொண்டு செல்பவை, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் சைரோஸ் தீவின் ஃபெரெகைடீஸ் எழுதிய உரைநடை நூலும், புராணப் பாடகர் ஆர்ஃபியஸின் பெயரால் வழங்கிய ஆர்ஃபிக் பாடல்களும் ஆகும். முன்னதில் எஞ்சியவை சில துணுக்குகளே.

கேள்வி: ஆர்ஃபிக் பாடல்களில் காலமே பாம்பாக வருகிறது என்பது உண்மையா?

பதில்: உண்மை, இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதியும் அதுவே. முதலில் நீரும் சேறும் இருந்தன; அவற்றிலிருந்து எருதுத் தலையும் சிங்கத் தலையும், நடுவே தெய்வ முகமும், தோள்களில் சிறகுகளும் கொண்ட ஒரு பாம்பு தோன்றியது. மூப்பறியாக் காலம் என்றும் ஹெராக்ளீஸ் என்றும் பெயர் பெற்ற அதனோடு, தவிர்க்க முடியாமையின் தெய்வமான அனாங்கே இணைந்திருந்தாள். அது ஈன்ற பெரிய முட்டை இரண்டாகப் பிளந்து, மேற்பாதி வானமாகவும் கீழ்ப்பாதி பூமியாகவும் ஆயிற்று. இத்தாலியின் மொதெனா நகர அருங்காட்சியகத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. முட்டையின் இரு பாதிகளுக்கிடையே, உடலைப் பாம்பு சுற்றியிருக்க, இராசி மண்டலம் சூழ, இளந்தெய்வம் ஒருவர் நிற்கிறார்.

ஒன்றை எச்சரிக்க வேண்டும்: யார், எப்போது சொன்னார் என்று கேளாமல் எந்தக் கதையையும் பழமையானது என்று கொள்ளாதீர்கள். இந்தக் காலப் பாம்பின் கதையை நமக்குச் சொல்பவர்கள் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிறித்தவ எழுத்தாளர் அதெனகோரஸும் 6ஆம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர் டமாஸ்கியஸும். 1962இல் தெசலோனிகி அருகே கிடைத்த, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஆர்ஃபிக் பாடல் ஒன்றுக்கு விளக்கம் சொல்லும் சுருளான தெர்வேனி பாப்பிரஸின் எஞ்சிய பகுதிகளில் இந்தப் பாம்பு இல்லை.

கேள்வி: இது நம் ஆதிசேஷன்தானே?

பதில்: இல்லை. இதே கேள்வியை அனுப்பியுள்ள மற்றவர்களுக்கும் இதுவே பதில்.

கேள்வி: யூரினோமி என்ற பெண் தெய்வம் நடனமாடி வடகாற்றைப் பாம்பாக்கியதும், புறாவாகி முட்டையிட்டதும், அந்தப் பாம்பான ஒஃபியோன் முட்டையை ஏழு முறை சுற்றி அடைகாத்ததும் கிரேக்கர்களின் மிகப் பழைய கதை என்று படித்தேன். நீங்கள் ஏன் சொல்லவில்லை?

பதில்: ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1955இல் வெளியிட்ட தொகுப்பில் அமைத்துத் தந்த கதை அது. இந்த முழு வடிவம் எந்தப் பண்டைய நூலிலும் இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கவிஞர் அப்போலோனியஸ் பாடியது சில வரிகள் மட்டுமே: ஒஃபியோனும் ஓசியானஸின் மகள் யூரினோமியும் பனி படர்ந்த ஒலிம்பஸை ஆண்டனர், பின்னர் ஸியூஸின் பெற்றோரான குரோனஸுக்கும் ரியாவுக்கும் பணிந்து கடலில் வீழ்ந்தனர். அங்கே நடனமும் இல்லை, புறாவும் இல்லை.

கேள்வி (அவரே மீண்டும்): கிரேக்கர்களுக்கு முன் பெலாஸ்கியர்கள் வாழ்ந்ததை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதியிருக்கிறார். அவர்களுடைய கதையைத்தானே கிரேவ்ஸ் மீட்டார்?

பதில்: அதே ஹெரோடோட்டஸ், பெலாஸ்கியர்கள் தெய்வங்களுக்குப் பெயரே இடாமல் வழிபட்டார்கள் என்றும் எழுதுகிறார். அவரைச் சாட்சிக்கு அழைத்தால், யூரினோமி என்ற பெயரை அவர்கள் வாயில் வைப்பது எப்படி? கிரேவ்ஸ் பயன்படுத்திய துண்டுகளில் பல பழையவையே. கி.மு. 414இல் அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகத்தில் இரவு இட்ட முட்டையும், பெட்டைக் குதிரைகளைச் சினையாக்கும் ஹோமரின் வடகாற்றும், தீப்ஸ் நகரில் பாம்பின் பற்களிலிருந்து முளைத்த வீரர்களும் வெவ்வேறு ஊர்களின், வெவ்வேறு காலங்களின் சொத்து. அவற்றை ஒரே நூலில் கோத்தது ஒரு கவிஞரின் உரிமை. அதைப் பெலாஸ்கியர்களின் வேதமாக நாம் ஓதுவதுதான் தவறு.

கேள்வி (மூன்றாம் முறை): ஆதித் தாய்த்தெய்வ வழிபாடு திட்டமிட்டு மறைக்கப்பட்டது. யூரினோமியின் கோயிலே அதற்குச் சாட்சி இல்லையா?

பதில்: நல்ல சான்றைத் தொட்டிருக்கிறீர்கள், ஆனால் அது உங்களுக்கு உதவாது. ஆர்க்கேடியாவின் ஃபிகாலியா அருகே ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே திறக்கும் யூரினோமி கோயிலைப் பற்றி, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயண எழுத்தாளர் பாசனியஸ் எழுதினார். இடுப்பு வரை பெண்ணாகவும் கீழே மீனாகவும் இருந்த மரச்சிலை பொற்சங்கிலிகளால் கட்டப்பட்டிருந்ததாம். ஊரார் அவளை வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் என்றே கருதினர். அங்கே மீன் இருக்கிறது, பாம்பு இல்லை. இந்த வாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

கேள்வி: ஏழு முறை சுற்றியதன் உட்பொருள் என்ன?

பதில்: கிரேவ்ஸைத்தான் கேட்க வேண்டும். மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: டைஃபோன் கதை கிழக்கிலிருந்து வந்ததா?

பதில்: அப்போலோடோரஸின் பெயரால் வழங்கும் புராணத் தொகுப்பில், டைஃபோன் ஸியூஸின் கை கால் நரம்புகளை அறுத்துச் சிலிசியாவின் கொரிக்கியக் குகையில் ஒளித்துவைக்க, ஹெர்மீஸ், ஐகிபான் என்ற தெய்வங்கள் திருடி மீட்கிறார்கள். பண்டைய அனத்தோலியாவை (இன்றைய துருக்கி) ஆண்ட ஹிட்டைட் மக்களின் களிமண் பலகைகளில் இலுயங்கா என்ற பாம்பு புயல் தெய்வத்தின் இதயத்தையும் கண்களையும் பறித்துக்கொள்கிறது. தெய்வத்தின் மகன் அந்தப் பாம்பின் மகளை மணந்து அவற்றைக் கேட்டுப் பெறுகிறான். சிலிசியா தென் அனத்தோலியாவில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். உறவு தேடுகிறவர்கள் தேட வேண்டிய திசை இதுதான்.

கேள்வி: டைஃபோனும் ஒஃபியோனும் ஒருவரா?

பதில்: இல்லை. ஃபெரெகைடீஸ் சொன்னபடி ஒஃபியோனியஸ் (ஒஃபியோனுக்கு அவர் தரும் பெயர்) போரிட்டது குரோனஸுடன். கடலில் வீழும் தரப்பு தோற்றது, வானம் வென்றவருக்கு என்பது அவர்களுடைய உடன்படிக்கை. டைஃபோனின் எதிரி ஸியூஸ், சிறை, கவிஞர் பிண்டாரின் பாடலில் எட்னா எரிமலையடி.