தண்ணீர் வரிசையில் யார் நிற்கிறார்கள்? பெண்கள் சேவைக் கழகத்தில் சேர விரும்பும் வாசகிக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு அருகிலுள்ள வெருலமிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எனக்கு 47 வயது. தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மகள் இந்த ஆண்டு பல்கலைக்கழக விடுதிக்குப் போய்விட்டாள். உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தாம் இருக்கும் பெண்கள் சேவைக் கழகத்துக்கு என்னை அழைக்கிறார். பாலினச் சமத்துவத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் உழைக்கிறோம் என்கிறார். இந்த இரண்டும் எப்படி ஒரே கழகத்தின் வேலையாகும் என்று எனக்கு விளங்கவில்லை. இதற்கு எவ்வளவு நேரமும் பணமும் ஆகும்? கோயில் மாதர் குழுவில் ஏற்கெனவே இருக்கிறேன். அதை விட வேண்டியிருக்குமா? 'வீட்டு வேலை கிடக்க ஊர் வேலை எதற்கு' என்று கேட்கும் என் மாமியாருக்கு என்ன பதில் சொல்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் எப்படி ஒரே வேலையாகும் என்ற உங்கள் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் எந்தக் கழகத்தில் சேரலாம், எதில் சேர வேண்டாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தை நம் கடற்கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோன அந்த வெள்ளம், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் சிதைத்துவிட்டதால், அந்த ஊரார் பல மாதங்கள் லாரித் தண்ணீரையே நம்பி வாழ்ந்தார்கள். அந்த நாட்களில் நானும் கழகத் தோழியர் சிலரும் அங்கே போய் வந்தோம். லாரி எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வரும். வரிசையில் ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் ஒரு சிறுமி 20 லிட்டர் பெயிண்ட் வாளியோடு நின்றாள். தண்ணீர் தளும்பிச் சிந்தாமல் இருக்க, வாளியின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து மூடி, பழைய காலுறையைக் கயிறாக்கிக் கட்டியிருந்தாள். நிறைந்த வாளி 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு தெருவிளக்கில்லாத சரிவில் அவள் இறங்கவேண்டும். வீட்டுப்பாடம் எப்போது எழுதுவாய் என்று கேட்டபோது பதில் சொல்லாமல் சிரித்தாள்.

ஆறு கெட்டால், குழாய் வறண்டால், குப்பை அள்ளும் வண்டி வராமல் போனால், அந்தக் குறையை ஈடுகட்டும் மணிநேரம் வீட்டுப் பெண்களின் பொழுதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. படிப்பும் கூலியும் உறக்கமும் அதில் போகின்றன. இருட்டில் நடக்கும் வழியில் உள்ள ஆபத்தும் அவர்களையே சேர்கிறது. ஆகவே, தண்ணீர் வரிசையைக் குறைக்கும் எந்த வேலையும் சமத்துவத்துக்கான வேலைதான். அந்த வரிசையைத் தொடாத மரநடு விழாவைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இந்த இணைப்பு புதிதும் அல்ல. 1921இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் தொடங்கிய சொரொப்டிமிஸ்ட் கழகம் முதலில் கையிலெடுத்த வேலைகளில் ஒன்று, வெட்டப்பட்டுக்கொண்டிருந்த ரெட்வுட் மரங்களைக் காப்பது. பணிபுரியும் பெண்களின் உரிமைக்காகக் கூடியவர்களே அந்தக் காட்டுக்காகவும் குரல் கொடுத்தார்கள். 1919இல் பஃபலோ நகரில் தோன்றிய சோன்டா, பணித்துறைப் பெண்களைச் சேர்த்துப் பெண்களின் நிலையை உயர்த்த உழைக்கிறது. 1924இல் மான்செஸ்டரில் தொடங்கிய இன்னர் வீல், நெடுங்காலம் ரோட்டரி உறுப்பினர்களின் வீட்டுப் பெண்களுக்கானதாக இருந்து, பின்னர் அழைப்பின் பேரில் மற்ற பெண்களுக்கும் கதவைத் திறந்தது. உங்கள் தோழியின் கழகம் இவற்றில் ஒன்றாகவோ, நம் ஊரிலேயே பிறந்த ஒன்றாகவோ இருக்கலாம். பெயரைவிட, கடந்த மூன்று ஆண்டுகளில் அது எந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது என்பதையே நான் பார்ப்பேன். ஆண்டுக்கு இருபது இடங்களில் ஒவ்வொரு நாள் செலவிடும் கழகத்தைவிட, ஒரே பள்ளிக்கு இருபது முறை போகும் கழகத்தில் சேருங்கள் என்பது என் ஆலோசனை.

இதை நான் சொல்வதற்கு எங்கள் கழகம் செய்த ஒரு தவறும் காரணம். வெள்ளத்துக்குப் பின், நாற்பது பிள்ளைகள் வரும் ஒரு க்ரெஷ்ஷுக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கு, மழைநீர் பிடிக்க 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். நிறைந்தால் அதன் எடை இரண்டரை டன் என்பதை எங்களில் யாரும் கணக்குப் போடவில்லை. மணல்தரையில் நான்கு சிமெண்ட் கற்களை அடுக்கி, அதன்மேல் டேங்கை நிறுத்தி, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். முதல் பெருமழைக்கே ஒரு பக்கம் கல் இறங்கி, டேங்க் சாய்ந்து, கூரையிலிருந்து வரும் குழாய் பிடுங்கிக்கொண்டது. நாங்கள் அங்கே மறுபடி போனது ஐந்து மாதம் கழித்து. அதுவரை அங்கிருந்த கோகோ (பாட்டி) ஒருவர், எங்கள் மனம் நோகக் கூடாதென்று ஒன்றும் சொல்லாமல், பழையபடியே தலையில் தண்ணீர் சுமந்து வந்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு இது உடனே பயன்படும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் 500 லிட்டர். வழியில் சிந்துவதும் தெறிப்பதும் போக 400 லிட்டராவது சேரும். டர்பன் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆகவே டேங்க் வைக்கும் வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். தரையைக் கெட்டித்து, முழு அடிப்பகுதியையும் தாங்கும் சமமான கான்கிரீட் பீடம் கட்டவேண்டும். கூரைத் தூசியும் பறவை எச்சமும் அடித்துவரும் முதல் மழைநீரைத் தனியே வடித்துவிட ஒரு குழாய் வேண்டும். கொசு புகாத வலை வேண்டும். அந்த நீரைக் கொதிக்கவைக்காமல் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் பயன்பட்டாலே சுமை பாதி குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயின் சாவி யாரிடம் இருக்கும், கூரையோர வடிகாலில் அடைத்த இலையை யார் அள்ளுவார் என்பதை அங்குள்ள பெண்கள் முடிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் அதைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

மாதவிடாய் நாப்கின் வழங்கும் திட்டத்திலும் இதே நிலைதான். 2019 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நாப்கினுக்கு மதிப்புக்கூட்டு வரி இல்லை. ஆனாலும் மாதந்தோறும் அதை வாங்க இயலாத வீடுகள் இருக்கின்றன. குப்பை சேராது என்பதற்காகத் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின்களைப் பல கழகங்கள் தைத்துக் கொடுக்கின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால், துவைக்கத் தண்ணீரும் வெயிலில் உலர்த்த மறைவான கொடியும் இல்லாத பெண்ணின் கையில் அதைக் கொடுத்தால், அவள் ஈரத்துணியை அணிந்துகொண்டு பள்ளிக்குப் போவாள், அல்லது போகாமலே இருந்துவிடுவாள். தண்ணீர் இருக்கும் பள்ளியில் துணி நாப்கின், இல்லாத பள்ளியில் சாதாரண நாப்கினும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் என்று பிரித்துக் கொடுக்கும் கழகத்தை நான் மதிப்பேன்.

மரம் நடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பஃபெல்ஸ்ட்ராய் குப்பைக்கிடங்கைச் சுற்றியுள்ள நிலத்தில், 2010 கால்பந்து உலகக்கோப்பையின் கரியமில வெளியீட்டில் ஒரு பகுதியை ஈடுசெய்ய, நகராட்சி 2008 முதல் காடு வளர்த்தது. அக்கம்பக்கத்து மக்கள் வீட்டு முற்றத்தில் நாட்டுமரக் கன்றுகளை வளர்த்துக் கொடுத்து, பதிலுக்கு உணவுப்பொருளும் கட்டுமானப் பொருளும் போன்றவற்றைப் பெற்றுக்கொண்டார்கள். கன்று வளர்ப்பவருக்கு வருமானம் வரும் இந்த முறையை உங்கள் கழகம் சிறிய அளவில் பின்பற்றலாம். ஆற்றோரத்துக்கு நம் நாவல் மரத்தின் உறவான உம்டோனி நல்ல தேர்வு. வேம்பென்று நினைத்து நம்மவர் சிலர் நடும் சிரிங்கா இங்கே ஊடுருவல் மரங்களின் பட்டியலில் இருப்பதால், அதை நடவேண்டாம்.

இனி, சேர்வதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவை. நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் இது உங்களுக்கு எளிது. 1997ஆம் ஆண்டின் லாப நோக்கமற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ் சமூக மேம்பாட்டுத் துறையில் கழகம் பதிவு பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு பெற்ற அமைப்பு, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் அறிக்கையும் கணக்கும் தாக்கல் செய்யவேண்டும். கடைசியாக எப்போது செய்தார்கள் என்று பாருங்கள். நல்லெண்ணம் நிறைந்த எத்தனையோ கழகங்கள் இந்த ஒரு காகிதத்தில்தான் தடுக்கி விழுகின்றன. வரித்துறையின் ஒப்புதலோடு 18ஏ என்ற நன்கொடை ரசீது கொடுக்கமுடிந்தால், நன்கொடையாளர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம் என்பதால் கடைக்காரர்களிடம் உதவி கேட்பது எளிதாகும். மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைத்துவிடும்; கணக்கை நேராக எழுத ஆள் கிடைப்பது அரிது. உங்களை அவர்கள் பொருளாளராக்கத் துடிப்பார்கள். ஆறு மாதம் களத்தில் போய் வந்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

நேரமும் பணமும்: மாதம் ஒரு கூட்டம், ஒரு சனிக்கிழமை களப்பணி, இடையில் சில தொலைபேசி அழைப்புகள் என எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும் என்பது என் அனுபவம். சந்தாவில் எவ்வளவு வெளிநாட்டுத் தலைமைக்குப் போகிறது, எவ்வளவு உள்ளூரில் நிற்கிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் செலவு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். தண்ணீருக்கும் தோட்டத்துக்கும் என்று போகும் இடத்தில் ஒரு பெண் தன் வீட்டில் படும் அடியைப் பற்றி உங்களிடம் வாய் திறக்கக்கூடும். அப்போது காதுகொடுத்துக் கேளுங்கள்; அவள் கணவரிடம் போய்ப் பேசிச் சரிசெய்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அது அவள் உயிருக்கே ஆபத்தாகலாம். 24 மணி நேரமும் சமூகப் பணியாளர்கள் பேசும் 0800 428 428 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள். 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை என்று சொல்லுங்கள். அவள் விரும்பினால் கூடப் போங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, குழந்தையோ முதியவரோ மாற்றுத்திறனாளியோ வன்முறைக்கு ஆளாகிறார் என்று தெரியவந்தால் அதைச் சமூகப் பணியாளரிடமோ காவல்துறையிடமோ தெரிவிப்பது வயதுவந்த ஒவ்வொருவரின் கடமை. களத்துக்குப் போகும் உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காத கழகம் என்றால், முதல் கூட்டத்திலேயே நீங்கள் இதைக் கேட்கலாம்.

உங்கள் மாமியாரின் கேள்வியை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளிவேலைக்குப் போகும் மருமகளின் வீட்டு வேலை இன்னொரு பெண்ணின் தலையில்தான் விழும் என்பதை அவர் வயதில் உள்ளவர்கள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். அந்தத் தலை பெரும்பாலும் அவருடையதாகவே இருந்திருக்கும். ஆகவே அந்தச் சனிக்கிழமையின் சமையல் உங்கள் கணவருடையது என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள். பிறகு மாமியாரிடம் 1913ஐ நினைவுபடுத்துங்கள். கிறித்தவ முறைப்படி நடக்காத நம் திருமணங்கள் செல்லாது என்று அந்த மார்ச் மாதத்தில் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்த பிறகு, டிரான்ஸ்வாலிலிருந்து கைக்குழந்தைகளோடு புறப்பட்டு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் சிறை சென்ற பெண்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். சிறையில் நோயுற்று வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் பெயரை அவர் நிச்சயம் கேள்விப்பட்டிருப்பார். அவர்களுக்கும் வீட்டு வேலை இருந்தது.

கோயில் மாதர் குழுவை விடவேண்டாம். கழகத்தின் ஆள்பலத்தைவிட அதன் ஆள்பலம் அதிகம், பாத்திரமும் அடுப்பும் அதனிடம் உண்டு. ஆற்றங்கரையில் கங்கையம்மனுக்குப் படைத்துவிட்டு வரும்போது தட்டும் பையும் கற்பூர உறையும் கரையிலேயே கிடப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். பூசைப் பொருளை வாழையிலையிலும் துணிப்பையிலும் கொண்டுபோக வேண்டும் என்ற முடிவை அந்தக் குழுவால் ஒரே கூட்டத்தில் எடுக்கமுடியும், வெளியிலிருந்து வரும் எந்தக் கழகத்தாலும் முடியாது. இரண்டு குழுவும் சேர்ந்து முதல் வேலையாகக் கோயில் சமையற்கூடத்துக்கு ஒரு டேங்க் வைக்கலாம்; குழாய் வறளும் நாட்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அங்கே வந்து பிடித்துக்கொள்ளட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது ஓர் அளவுநாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சமையற்கூடக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துவாருங்கள்.