ராஜினாமா கடிதம் காத்திருக்கட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. டர்பனில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பல வருடமாக இரவில் உட்கார்ந்து ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் எழுதுகிறேன், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் விளையாட்டு. இங்கே தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் ஆட்களின் கதை. வெள்ளிக்கிழமை ராத்திரி தோழிகளோடு ஆடுவோம், கதையை நடத்திச் செல்லும் கேம் மாஸ்டர் நான்தான். எல்லாருக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது. இதையே முழுநேரமாகச் செய்ய ராஜினாமா கடிதம்கூட எழுதிவிட்டேன். "நம்ம ஆட்கள் பட்ட கஷ்டத்தை வைத்து விளையாட்டா?" என்று அம்மா அழுகிறார். புத்தகத்தின் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புத் தங்கைக்கு, புத்தகத்தை முழுக்கப் படித்தேன். இது எழுதப்பட வேண்டிய விளையாட்டு. ஆனால் கடிதத்தை இப்போது கொடுக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமைகளில் உங்கள் தோழிகள் ரசிப்பது பெரும்பாலும் உங்களை. புத்தகத்தில் விட்டுப்போனதை அங்கே நீங்கள் வாயால் நிரப்பிவிடுகிறீர்கள். பாஸ், அதாவது அனுமதிச் சீட்டு, இல்லாமல் ஒருவர் தோட்டத்தை விட்டு வெளியே போனால் என்ன ஆகும்? 'கேம் மாஸ்டர் முடிவு செய்வார்' என்று ஒரே வரி. நீங்கள் மேசையில் இருந்தால் அந்த இடத்தில் அருமையான காட்சி ஒன்று பிறக்கும். லண்டனிலோ ஜொகன்னஸ்பர்க்கிலோ காசு கொடுத்து வாங்கியவர் அதே வரியில் திகைத்து நின்றுவிடுவார். உங்களை அறியாத இரண்டு மூன்று குழுக்களிடம் புத்தகத்தை மட்டும் கொடுங்கள். நீங்கள் பக்கத்து அறையில்கூட இருக்கக் கூடாது. ஆட்டத்தை ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கே பேச்சு நிற்கிறது, எங்கே தாங்களாகவே ஒரு விதியைப் போட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் இதைவிட முக்கியமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு முன், ஆடுபவர் தன் பாத்திரத்தின் விவரங்களை எழுதும் கேரக்டர் ஷீட்டை மாற்றுங்கள். பலம், சுறுசுறுப்பு என்று தொடங்கும் ஆறு அளவுகளை 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறீர்கள். சட்டப்படி தடையில்லை. அதன் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் கொண்டுவந்த அந்த விளையாட்டு, பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து முளைத்தது. அடிக்கும் பலமும் அடி தாங்கும் பலமும் அங்கே முக்கியம். தோட்டக் கூலிகளின் லைன் வீட்டில் பத்துப் பேரோடு முடங்கிக் கிடந்தவளுக்கு அந்தக் கணக்கு எதற்கு?

வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்துக்குப் போய்க் கப்பல் பட்டியல்களைப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த 'ட்ரூரோ' தொடங்கி, 1911 வரை வந்த 1,52,184 பேரையும் அரசாங்கம் கட்டம் கட்டி எழுதி வைத்தது: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. உங்கள் கேரக்டர் ஷீட் அங்கேயே தயாராக இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தக் கட்டங்களை அப்படியே வையுங்கள். பின்பக்கத்தில், எந்தக் குமாஸ்தாவும் கேட்காததை ஆடுபவர்கள் எழுதட்டும்: யாரிடம் சொல்லாமல் கப்பலேறினாய், அந்தத் தழும்பு எப்படி வந்தது, எந்தப் பாட்டை மறக்க மாட்டாய்.

பகடையைக்கூடக் குறைத்துவிட்டுச் சம்பளக் கணக்கைக் கொண்டுவாருங்கள். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், ஐந்தாம் வருடம் 14. ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கினால், 1895 சட்டத்தின்படி வருடம் 3 பவுண்டு வரி, அதாவது 60 ஷில்லிங். பின்னால் 16 வயதான பையன்களுக்கும் 13 வயதான பெண்பிள்ளைகளுக்கும் அது வந்தது. மகளுக்கு 13 பிறக்கும் வருடத்தை ஒரு குடும்பம் எப்படி எதிர்கொள்ளும் என்பதை நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும். எந்த டிராகனும் தராத பதைப்பு அதில் இருக்கிறது. அந்த வரியை எதிர்த்து நடந்த 1913 வேலைநிறுத்தத்தில் அத்தனை பேர் ஏன் இறங்கினார்கள் என்பதும் அப்போது புரியும்.

அம்மா விஷயம். பகலெல்லாம் கரும்பு வெட்டிய கைகள்தான் இரவில் அரிதாரம் பூசித் தெருக்கூத்தில் திரௌபதியாகவும் துச்சாதனனாகவும் நின்றன என்று சொல்லுங்கள். இன்னொருவராக நின்று அவமானத்தை உணர்ந்து பார்ப்பது நம் வீட்டுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு இடத்தில் அம்மா பக்கம்தான் நியாயம்: தோட்டத்துக் கங்காணியான சர்தார் அடிக்கும் காட்சியில் அடி தாங்கினால் வெற்றிப் புள்ளி கொடுத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' முறையையும் சேருங்கள். மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை. யார் தொட்டாலும் அந்தக் காட்சியைக் கடந்துவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. தன் கொள்ளுப்பாட்டியின் கதையை எதிர்பாராமல் மேசையில் சந்திக்கும் ஒருவருக்கு அது தேவைப்படும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது. அனுமதிக்கப்பட்ட நாடுகளில் நாம் இல்லை. இத்தகைய விளையாட்டுப் புத்தகங்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில், அங்கே மட்டுமே விற்பதாக ஒப்புக்கொள்ளாவிட்டால் உங்களுக்கு 65 சதவீதம். 10 டாலர் விலையில் 100 பேர் வாங்கினால் 650 டாலர். அதில் ஓவியருக்கும் பக்கம் வடிவமைத்தவருக்கும் கொடுத்த பின் மிஞ்சுவதே உங்களுடையது. இன்னொரு விற்பனைத் தளமான இட்ச்.ஐஓவில் தளத்தின் பங்கை நீங்களே தீர்மானிக்கலாம், வழக்கமாக 10 சதவீதம். எங்கே விற்றாலும் முதல் புத்தகம் வீட்டு வாடகையைக் கட்டாது. இத்துறையில் பெயர் பெற்றவர்கள் பலரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறார்கள்.

அதனால் அலுவலகத்தில் வாரம் நான்கு நாள் வேலைக்கு வழியுண்டா என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் ஐந்தாம் நாள் விளையாட்டுக்கு. நீங்கள் இல்லாத மேசைகளிலிருந்து ஒலிப்பதிவுகள் வந்தபின் எனக்கு மறுபடி கடிதம் எழுதுங்கள். திருத்திய புத்தகத்தையும் அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.