குழு வகுப்பில் என் மகள் பின்தங்கிவிடுவாளா?

ஏழு வயது மகள் ஒன்றரை ஆண்டாகத் தனி வகுப்பில் வயலின் பயில்கிறாள் என்றும், வாரம் ஒரு குழு வகுப்பிலும் சேர்க்குமாறு ஆசிரியர் கூறுகிறார் என்றும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அங்குள்ள பிள்ளைகளில் பலர் அவளைவிட எளிய பாடங்களில் இருப்பதால் நேரம் வீணாகுமோ என்பது அவருடைய முதல் கவலை. இசை அறியாத பெற்றோர் ஏன் உடன் அமர வேண்டும், மூன்று வயது மகனை அங்கே எப்படிச் சமாளிப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில், குழு வகுப்பு புதிய பாடம் கற்பிக்கும் இடம் அன்று. தெரிந்த பாடத்தைப் பிறரோடு சேர்ந்து வாசிக்கக் கற்கும் இடம் அது. தனியாக வாசிக்கும் குழந்தை தவறு நேர்ந்தவுடன் நின்று, அந்த வரியை மீண்டும் தொடங்கிவிடும். குழுவில் இசை நமக்காக நிற்பதில்லை என்பதால், விட்ட இடத்தைக் கணித்து அடுத்த தாளத்தில் மீண்டும் இணைந்துகொள்ளும் திறமை அங்கேதான் உருவாகிறது. தனி வகுப்பில் மட்டும் இதைப் பழக்குவது கடினம்.

அடுத்தது காது. விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகள் (கிட்டாரின் கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பிகள்) வயலினில் கிடையாது. சிறுவர்களுக்கான கால் அளவு (1/4) வயலினில் தந்தியின் நீளமும் குறைவு என்பதால், விரல் சற்றே நகர்ந்தாலும் சுருதி பெரிதாக விலகிவிடும். போதாக்குறைக்கு, கருவி இடது காதுக்கு அருகிலேயே இருப்பதால் தன் ஒலியே பெரிதாகக் கேட்டு, பக்கத்தில் நிற்பவரின் ஒலியை மறைத்துவிடுகிறது. ஆகவே நல்ல ஆசிரியர் எல்லோரையும் ஒரே நேரத்தில் உரக்க வாசிக்க விட்டுவிட மாட்டார். பாதிப் பேரை வாசிக்கச் செய்து மீதிப் பேரைக் கேட்க வைப்பார், வில்லின் சிறு பகுதியால் மென்மையாக வாசிக்கச் சொல்வார், நடுவில் கைகாட்டி நிறுத்தி அதே இடத்திலிருந்து தொடரச் செய்வார். சேருவதற்கு முன் ஒரு வகுப்பைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். முக்கால் மணி நேரமும் ஒரே சத்தமாக வாசித்துத் தள்ளுகிறார்கள் என்றால் அந்த வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எளிய பாடங்களைப் பற்றிய கவலைக்கு வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுஸுகியின் முறையிலேயே விடை இருக்கிறது. ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் 1946 முதல் கற்பித்த அவர், குழந்தை தாய்மொழியைப் பெறும் வழியையே இசைக்கும் அடிப்படையாகக் கொண்டார். புதிய சொல்லைக் கற்ற குழந்தை பழைய சொற்களைக் கைவிடுவதில்லை அல்லவா? அதுபோல அவருடைய மாணவர்கள் முடித்த பாடங்களையும் தொடர்ந்து வாசித்தார்கள். விரல்களைத் தேட வேண்டிய சுமை இல்லாதபோதுதான் நாதத்தின் மீதும் வில்லின் நேர்கோட்டின் மீதும் கவனம் செல்லும். உங்கள் மகள் முடித்துவிட்ட பாடம் அவளுக்கு எளிது என்று நீங்கள் கருதலாம். அதை அவள் சீரான ஒலியில் வாசிக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் செலவைக் குறைக்கத் தனி வகுப்பை நிறுத்திவிட்டுக் குழு வகுப்பை மட்டும் வைத்துக்கொள்வது சரியன்று. வில்லை இறுக்கிப் பிடிக்கும் கட்டைவிரலும், வயலினின் கழுத்தில் சாய்ந்துவிடும் இடது மணிக்கட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு விதமாக அமையும். பதினைந்து பேர் நிற்கும் அறையில் எந்த ஆசிரியராலும் அவற்றைத் திருத்த முடியாது. வேறு வழியே இல்லையெனில், ஏறத்தாழ ஒரே நிலையிலுள்ள நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவைத் தேடுங்கள். சிறுவர் இசைக்குழு என்பது இன்னொரு வகை: அங்கே ஒவ்வொரு பிரிவும் வெவ்வேறு பகுதியை இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் என்பதால், குறிப்பு வாசிக்கப் பழகிய பிறகே அதை யோசிக்கலாம்.

பெற்றோர் உடன் அமர்வது வீட்டுப் பயிற்சிக்காகவே. இசை அறிவு தேவையில்லை. ஆசிரியர் எதைத் திருத்தினார் என்பதில் ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த வாரம் அதையே நினைவூட்டினால் போதும். இருக்கையிலிருந்து சைகை காட்டித் திருத்துவதையும், திரும்பும் வழியில் வேறு பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதையும் தவிர்த்துவிடுங்கள். குழுவையே வெறுக்கச் செய்ய இவ்விரண்டும் போதும் (நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம் என்பது வேறு). பத்து நிமிடம் முன்னதாகச் செல்லுங்கள். சிறிய வயலின்கள் எளிதில் சுருதி கலையும், பத்துப் பிள்ளைகளின் கருவிகளுக்குச் சுருதி சேர்க்கவே நேரம் பிடிக்கும்.

மகனையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். கருவியைத் தொடுவதற்கு முன் மூத்த பிள்ளைகளின் வகுப்பைப் பல வாரங்கள் பார்ப்பதே சுஸுகி முறையில் சிறுவர்களுக்கான தொடக்கம். ஓசைப்படாத விளையாட்டுப் பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துக் கதவருகே அமருங்கள். அமைதி இழந்தால் வெளியே அழைத்துச் சென்று, அடங்கியதும் திரும்பி வாருங்கள். தனக்கும் ஒரு வயலின் வேண்டும் என்று அவனே கேட்கும் வரை எதையும் தொடங்க வேண்டாம்.