வாச்சாத்தி வழக்கில் தீர்ப்பு வர ஏன் 19 ஆண்டுகள் ஆயின?

சுருக்கமாகச் சொன்னால், குற்றம் சாட்டப்பட்டவர்களே அரசு ஊழியர்கள். புகாரை யார் வாங்குவார்கள்?

தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடி ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். ஊர்சனத்தை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை உடைத்து, கிணற்றுத் தண்ணீரையும் பாழாக்கினார்கள். அப்புறம் அந்தப் பெண்களையே கடத்தல்காரர்கள் என்று சேலம் சிறையில் அடைத்தார்கள். இதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

அரசு முதலில் எல்லாவற்றையும் மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நீதிமன்றப் படியேறியதால்தான் 1995-இல் வழக்கு சிபிஐ கைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். தீர்ப்புக்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் சொன்னது.

சரி, அத்தோடு முடிந்ததா? மேல்முறையீடு இன்னொரு 12 ஆண்டு இழுத்தது. 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது.