கேளுங்கள், சொல்கிறேன்: பாலக்கோட்டில் கடல் எங்கே?

கேள்வி: சார், பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளியில் ‘உலகப் பிரச்சினைக்குப் புதுமையான தீர்வு’ என்று போட்டி. கடல் பிளாஸ்டிக்கை அள்ளும் ரோபோ செய்யலாம் என்று நானும் தோழியும் யோசிக்கிறோம். செலவுதான் பயமாக இருக்கிறது. வேறு யோசனை உண்டா?
– ஒரு மாணவி, பாலக்கோடு

பதில்: பாலக்கோட்டில் கடல் எங்கே கண்ணு இருக்கிறது? ரோபோவை எதில் விட்டுப் பார்ப்பாய்?

சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உன் வகுப்பிலும் இருப்பார்கள். நான் வேதியியல் வாத்தியாராக இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அந்தக் காவிக் கறை, பல் விளக்காததால் வந்தது என்று திட்டு வேறு வாங்குவார்கள், பாவம். காரணம் ஃப்ளோரைடு. நம் தர்மபுரிப் பக்கத்துப் பாறையிலிருந்து கரைந்து போர்வெல் தண்ணீரில் சேர்கிறது. தெலங்கானாவின் நல்கொண்டாவிலும் கென்யா, தான்சானியா, எத்தியோப்பியாவிலும் இதே தொல்லைதான். உலகப் பிரச்சினை வீட்டுக் குடத்திலேயே இருக்கிறது.

தீர்வுகளும் உண்டு. ஆலமும் (படிகாரம்) சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடைப் படியவைக்கும் முறைக்கு நல்கொண்டா பெயரையே வைத்திருக்கிறார்கள். கென்யாவில் எலும்புக் கரி வடிகட்டி. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எலும்பில் வடிந்த தண்ணீரை நம் வீடுகளில் எத்தனை பேர் அடுப்படிக்குள் விடுவார்கள்? நல்கொண்டா முறையில் தினமும் ஆலத்தை அளந்து போட்டு, கலக்கி, தெளியவிட்டு, அடிமண்டியைக் கொட்ட வேண்டும். விடியும் முன்னே பூப்பறிக்கப் போகிற அம்மாவுக்கு அதற்கு ஏது நேரம்? கண்டுபிடிப்பாளர்கள் பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

எனக்குப் பிடித்த தீர்வு வங்காளதேசத்தில் நடந்தது. அங்கே கிணற்றில் ஆர்சனிக் என்ற நஞ்சு. லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எந்தக் குழாயில் குடிக்கலாம் என்று தெரிந்துவிட்டது. ஒரு டப்பா பெயின்ட்!

அதை ஏன் நீ கடன் வாங்கக் கூடாது? உன் தெருவின் அடிபம்பு, போர், குழாய் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் விசாரி. சோதனைப் பெட்டி கிடைத்தால் நீயே பார்க்கலாம். மருந்து ஊற்றினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும். ஃப்ளோரைடு ஏற ஏற மஞ்சளுக்கு வெளுக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-க்கு மேல் கூடாது. சந்தேகமானதை ஆய்வகத்தில் உறுதிசெய்துகொண்டு, ஊராட்சியில் கேட்டு, அப்புறம் பெயின்டைத் தொடு. சிவப்புக் குழாயில் குளிக்கலாம், துணி துவைக்கலாம். குடிக்கவும் களி கிளறவும் பச்சைதான். அங்கன்வாடியில் ஆரம்பி, நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிற வயதில்தான் கறை விழுகிறது.

கேள்வி: கொதிக்கவைத்துக் குடித்தால் ஃப்ளோரைடு போய்விடும்தானே?
– இல்லத்தரசி, பென்னாகரம்

பதில்: போகாதும்மா. தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். கொதிக்கவைப்பது கிருமிக்கு. மழைத் தண்ணீர் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள், அதில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்தபிறகும் ஃப்ளோரைடு, ஃப்ளோரைடு என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?
– ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம் பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் மேல்நிலைத் தொட்டியில் காவிரித் தண்ணீரோடு போர்த் தண்ணீரையும் ஏற்றினால்? போரில் 4 மில்லிகிராம் இருந்தால், பாதிக்குப் பாதி கலந்தாலும் 2-க்குக் குறையாது. உங்கள் ஊர்த் தொட்டியில் என்ன ஏறுகிறது என்று டேங்க் ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மறுபடி எழுதுங்கள்.