நாலு நாட்டு விசாவுக்கு 65,000 ரூபாய் கொடுக்காதீர்கள், முதலில் ஊசியைப் போடுங்கள்

பேரணாம்பட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. அவரும் இரண்டு நண்பர்களும் ஜனவரியில் விமானத்தில் கென்யாவின் நைரோபி போய் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலேயே உகாண்டா, ருவாண்டா, தான்சானியா என்று சுற்றிவிட்டு, தார் எஸ் சலாமில் விமானம் ஏறி ஊர் திரும்புவதாகத் திட்டம், மொத்தம் ஐந்து வாரம். வேலூரில் ஒரு ஏஜென்ட், "நாலு நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா, தலைக்கு 65,000 ரூபாய், ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், மஞ்சள் அட்டையும் நானே வாங்கித் தருகிறேன்" என்றாராம். (மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான சான்றுதான் அந்த அட்டை.) கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள் தம்பி. நாலு நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா என்று ஒன்று கிடையவே கிடையாது. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா என்று ஒன்று உண்டு, 100 டாலர், 90 நாள். தான்சானியா அதில் சேரவில்லை. ஏஜென்ட் இதைத்தான் இழுத்து நீட்டி நாலு நாடு என்கிறார்.

சரி, உங்கள் செலவு உண்மையில் எவ்வளவு ஆகும்? கென்யா 2024 ஜனவரியோடு விசாவையே எடுத்துவிட்டது, அதற்குப் பதிலாக இணையத்தில் ஒரு பயண அனுமதி வாங்க வேண்டும், 30 டாலர், கார்டு கட்டணம் சேர்த்தால் கொஞ்சம் கூட வரும். உகாண்டா இ-விசா 50 டாலர். தான்சானியா இ-விசா 50 டாலர். ருவாண்டாவுக்கு ஒரு பைசா வேண்டாம், காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு 30 நாள் வரை அங்கே விசாக் கட்டணமே இல்லை, இந்தியா காமன்வெல்த்தில் இருக்கிறது, எல்லையிலேயே முத்திரை குத்தி அனுப்புவார்கள். இந்த இலவச விசாவுக்குத் தனியாகப் பணம் வாங்குகிற ஏஜென்ட்களை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆக மொத்தம் 130 டாலர், ரூபாயில் பன்னிரண்டாயிரம் சொச்சம். மீதி ஐம்பதாயிரத்துச் சொச்சம் எதற்கு என்று அந்த ஆளிடமே கேளுங்கள்.

அந்த 100 டாலர் கூட்டு விசா யாருக்குமே லாபம் இல்லையா என்றால், உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பாதி தெரிந்துகொண்டு வாங்கி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் நைரோபியில் இறங்கி, உகாண்டா போய், ருவாண்டா போய், மறுபடி உகாண்டா வழியாகவே நைரோபிக்கு வந்து அங்கிருந்து ஊர் திரும்புவதாக இருந்தால் அது லாபம், ஏனென்றால் அந்த மூன்று நாட்டுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். ஆனால் எந்த நாடு அதைக் கொடுத்ததோ அந்த நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். உகாண்டா இணையதளத்தில் வாங்கிக்கொண்டு நைரோபியில் போய் இறங்கக் கூடாது. அப்புறம், நடுவில் தான்சானியாவுக்கு ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும் அந்த விசா அங்கேயே செத்துவிடும், எத்தனை நாள் மிச்சம் இருந்தாலும் சரி. நீங்கள் ருசுமோ எல்லை வழியாக ருவாண்டாவிலிருந்து தான்சானியாவுக்குப் போய் அப்படியே ஊர் திரும்புகிறீர்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே ஒரு முறைதான் நுழைகிறீர்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை.

இனி உண்மையிலேயே பயணத்தை நிறுத்தக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன், மஞ்சள் காய்ச்சல் ஊசி. நம் பக்கத்தில் பலர் இதை மஞ்சள் காமாலை என்று நினைத்து, "அந்த ஊசி கம்பெனியிலேயே போட்டாச்சு சார்" என்கிறார்கள். அது வேறு, இது வேறு. மத்திய அரசு அனுமதித்த மையத்தில் மட்டும்தான் இதைப் போட முடியும், நமக்குத் தெரிந்த வழி சென்னைதான்: கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், அல்லது ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகம். எந்தக் கிழமை போடுகிறார்கள், முன்பதிவு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஒரு ஊசிக்காக ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு காட்பாடியில் விடிகாலை ரயில் ஏற வேண்டும் என்பது என்ன ஏற்பாடோ, இத்தனை வருடமாக இதே கதை. ஜனங்கள் புரோக்கரிடம் போவதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம் என்று அதிகாரிகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் போதும், 2016 ஜூலை முதல் அதுதான் விதி, பழைய அட்டையில் 10 வருடம் என்று போட்டிருந்தாலும் கவலையில்லை. உகாண்டா விசா விண்ணப்பத்திலேயே இந்த அட்டையின் படத்தை ஏற்ற வேண்டும், அதனால்தான் முதலில் ஊசி என்கிறேன். தான்சானியா எல்லையிலும் கேட்பார்கள்.

ஏஜென்ட் "வாங்கித் தருகிற" மஞ்சள் அட்டை போலி, இதில் சந்தேகமே வேண்டாம், உங்கள் கையில் ஊசி ஏறாமல் நிஜ அட்டை எப்படி வரும்? ஒரு தோல் வியாபாரி இப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு கென்யா போனார், போகும்போது யாரும் கவனிக்கவில்லை, திரும்பி வந்து இறங்கிய விமான நிலையத்தில் பிடித்துவிட்டார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சரியான அட்டை இல்லாமல் வந்தால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். வீட்டில் சீமந்தம் இருந்தது, அவர் வர முடியவில்லை.

விசாவெல்லாம் நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுவிடலாம். ஆனால் தேடினால் முதலில் வருகிற தளம் பெரும்பாலும் விளம்பரம், அரசுத் தளம் மாதிரியே கொடியெல்லாம் போட்டு இரண்டு மடங்கு வாங்குவார்கள். முகவரியின் கடைசியைப் பாருங்கள், கென்யா என்றால் ஜி, ஓ, புள்ளி, கே, ஈ என்று முடிய வேண்டும், உகாண்டாவுக்கு ஜி, ஓ, புள்ளி, யு, ஜி, தான்சானியாவுக்கு ஜி, ஓ, புள்ளி, டி, இசட். பெயர் விஷயத்திலும் கவனம். நம் ஊரில் நிறையப் பேருக்கு பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், ஏஜென்ட் பையன் அவசரத்தில் இனிஷியலை அங்கே தட்டிவிடுவான். விமான டிக்கெட், விசா, மஞ்சள் அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். தவறாக நிரப்பினால் கட்டிய பணம் திரும்ப வராது.

இந்த நாலு நாட்டில் எதற்குமே முன்கூட்டி ஒரிஜினல் பாஸ்போர்ட்டை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை, முதல் பக்கத்தின் படம் போதும். பாஸ்போர்ட்டைக் கேட்கிற ஏஜென்ட், நாளைக்கு நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பதற்காகத்தான் கேட்கிறார். நீங்களோ நண்பர்களோ ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள், தர மறுத்தால் அங்கேயே நின்று வாதாடாமல் நேராகக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள், அது இந்திய அரசின் சொத்து, அதை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது.